உல்ஜின்காரி ஒரு முழு ஆள்

உல்ஜின்காரியின் வீட்டுக்குப் போனவர்கள் கிளம்பும்போது ஒருமுறை குனிய வேண்டியிருக்கும். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை அவள் எப்போது எழுந்து போய்த் தொட்டாள் என்பது யாருக்கும் தெரியாது. வறுத்த பார்லி போட்ட தண்ணீர் ஊற்றித் தருவாள், பக்கத்து வீட்டு வம்பை இழுப்பாள், சீட்டுக்கட்டை எடுத்துப் போடுவாள். எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்து பார்த்தால் செருப்பின் மூக்கு வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும். அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் படி இறங்க வேண்டும். நினைவு தெரிந்த நாளிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் தவறியதில்லை.

எங்கள் மலையில் நிலக்கரி தோண்டிய காலத்தில் எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் இருந்தது. புருஷன் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கும்போது வீட்டில் கிடக்கும் அவனுடைய இன்னொரு ஜோடி உள்ளே பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் கால் வீட்டுக்குத் திரும்பும். உல்ஜின்காரியின் புருஷன் 1981இல் மேற்கூரை சரிந்து உள்ளேயே போய்விட்டார். அதன் பிறகு அந்த வாசலில் ஆண் செருப்பு கிடையாது. அவள் திருப்பி வைத்ததெல்லாம் மற்றவர்களுடையது. தபால்காரர், மீட்டர் பார்க்க வந்தவர், என் அம்மா, நான்.

"ஏன்டி, எங்களையும் உன் புருஷன் கணக்குல சேத்துட்டியா?" என்று கடைசி வீட்டு ஜொங்சொன்காரி கேட்பாள்.

"உங்களைச் சேத்து என்ன பிரயோஜனம்? அந்த ஆளாவது மாசம் பொறந்தா சம்பளம் கொண்டுவந்தான்" என்பாள் உல்ஜின்காரி.

செருப்பை அவள் காலால்தான் திருப்புவாள். பெருவிரலை உள்ளே விட்டு ஒரு சுழற்று. வலது கை அவளுக்கு முழங்கைக்குக் கீழே இல்லை.

உல்ஜின் கடற்கரையிலிருந்து கல்யாணமாகி வந்ததால் உல்ஜின்காரி. பிள்ளை பிறந்திருந்தால் இன்னாரின் அம்மா என்று ஆகியிருப்பாள், நான் பிறந்து என் அம்மா மிரான் அம்மா ஆனதுபோல. பதிவேட்டில் பெயர் பியோன் குட்சுன். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால் இத்தோடு முடியட்டும் என்று வைத்த பெயர். "எங்க முடிஞ்சுது? எனக்கப்புறம் இன்னும் ரெண்டு வந்துச்சு" என்று சிரிப்பாள். அந்த இரண்டில் ஒன்று தம்பி. கடைசியில் வந்து நின்றது அவன்தான்.

நாங்கள் குடியிருந்தது கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில். ஐந்து கதவுகள், ஒரே நீளக் கூரை. நடுச்சுவர் பலகை தடிமன்தான். அந்தப் பக்கம் அவள் ரேடியோவோடு வாக்குவாதம் பண்ணுவது எங்களுக்குக் கேட்கும். வானிலை சொல்கிறவனிடம், "நேத்தும் இதைத்தான்டா சொன்னே" என்பாள். பதில் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் அவள் நிறையப் பேசினாள். நான் பாடம் படித்ததெல்லாம் அந்தக் குரலோடுதான்.

சுரங்கத்தில் செத்தவனுடைய மனைவிக்குக் கம்பெனி ஓர் இடம் கொடுக்கும். நிலக்கரி பொறுக்கும் கொட்டகையில், ஓடுகிற பெல்ட்டின் பக்கத்தில் ஓரிடம். கரியோடு வரும் கல்லையும் கட்டையையும் பொறுக்கி எறிவதுதான் வேலை. உல்ஜின்காரிக்கு அப்படித்தான் கிடைத்தது. என் அப்பா சாகவில்லை, ஆனால் நுரையீரலில் தூசு அடைத்து ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததால் அம்மாவுக்கும் கிடைத்தது. அடுத்தடுத்த வீடு, அடுத்தடுத்த இடம். ஒரே துண்டில் இரண்டு பேரும் முகம் துடைத்தார்கள் என்று ஜொங்சொன்காரி கேலி செய்வாள்.

1986 வசந்தத்தில் ஒரு மதியம், நீளமான கட்டை ஒன்று பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவே சிக்கியது. உல்ஜின்காரி அதை இழுத்தாள். கட்டை வரவில்லை, அவளுடைய சட்டைக்கை உள்ளே போயிற்று. பெல்ட்டை நிறுத்தும் கயிறு அம்மாவின் தலைக்கு மேலே தொங்கியது.

அம்மா இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"கயிறை இழுத்தேன். இழுக்காம இல்ல. ஆனா முதல்ல கத்தினேன். கத்தி முடிச்சிட்டுத்தான் இழுத்தேன்."

அவ்வளவுதான். அந்தக் கத்தல் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சை அம்மா வாழ்க்கை முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உல்ஜின்காரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அம்மா அவள் வீட்டையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தாள். தண்ணீர் பிடித்து வைத்தாள், அடுப்புக்குக் கரிக்கட்டி மாற்றினாள், துணி துவைத்தாள். மற்ற வீட்டுக்காரிகளும் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். உல்ஜின்காரி கோடை முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை. நவம்பர் கடைசியில்தான் விஷயம் முற்றியது.

நவம்பர் கடைசியில் எங்கள் மலையில் கிம்ச்சி, அதாவது குளிர்காலத்துக்கான கோஸ் ஊறுகாய், போட்டாக வேண்டும். அதற்குள் போடவில்லையென்றால் கோஸ் வயலிலேயே உறைந்துவிடும், மண் இறுகிவிடும், ஜாடி புதைக்க முடியாது. ஒரு வீட்டுக்கு நூறு கோஸ், நூற்றைம்பது கோஸ். தனியாக எவளாலும் முடியாது. அதனால் ஐந்து வீட்டுப் பெண்களும் வரிசையாக ஐந்து நாள், நாளுக்கு ஒரு வீடு என்று உட்காருவார்கள். இன்று நீ என் வீட்டுக்கு ஒரு நாள் கொடுத்தால் உன் வீட்டுக்கு நான் ஒரு நாள் தர வேண்டும். அதைத் தவிர வேறு கூலி இல்லை. பெற்ற நாளைத் திருப்பிக் கொடுக்காமல் ஊரைக் காலி செய்துகொண்டு போனவளைப் பற்றிப் பத்து வருஷம் கழித்தும் பேசுவார்கள்.

அந்த வருஷம் முதல் நாளே உல்ஜின்காரி வீட்டில் உட்கார்ந்தார்கள். அவளைச் சூடான தரையில் போர்வை போட்டு உட்கார வைத்துவிட்டு, நான்கு பேரும் அறுபது கோஸை முடித்தார்கள். அடுத்த நாள் அம்மாவின் முறை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் கூப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துச் சிரிப்பையும் பன்றிக்கறி வேகும் வாசனையையும் நான்கு நாள் கேட்டுக்கொண்டும் முகர்ந்துகொண்டும் இருந்தாள். சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தட்டு போயிற்று. வெந்த கறி, மேலே புதுக் கிம்ச்சி. தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை. ஒரு பிடி கருவாடாவது வைப்போம். உல்ஜின்காரி நான்கு தட்டையும் கழுவித் துடைத்து, வெறுமையாகத் திருப்பி அனுப்பினாள்.

"கோவிச்சுக்கிட்டா போல" என்றாள் ஜொங்சொன்காரி.

"வலி இருக்கும் அக்கா" என்றாள் அம்மா.

மறு வருஷம் நவம்பரில் நான்கு பேரும் கத்தியும் பலகையுமாக அவள் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் ஒரு கோஸ்கூட இல்லை.

"வாங்கலை" என்றாள் உல்ஜின்காரி.

"வாங்கலைன்னா? குளிர்காலத்துக்கு என்னத்தைத் தின்னுவே?"

"முள்ளங்கியை உப்புத்தண்ணில போட்டு வெச்சிருக்கேன். அது நானே போட்டது."

"கிம்ச்சி இல்லாமலா? ஆறு மாசமா?"

"திருப்பிக் கொடுக்க முடியாத நாளை எவகிட்டயும் வாங்க மாட்டேன். போய் உங்க வேலையைப் பாருங்க."

கொடுத்தால் வாங்கிக்கொள்வாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மா ஒரு சிறு ஜாடி கொண்டுபோய் வைத்தாள். அது மறுநாள் காலை எங்கள் வாசலில் இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க உல்ஜின்காரி சோற்றுக்கு உப்பு முள்ளங்கியைத்தான் கடித்தாள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது என்னவென்று புரியும். பட்டினி இல்லைதான், ஆனால் ஊரோடு சாப்பிடாமல் இருப்பது. பிச்சையாக வந்தால் சாப்பிட மாட்டேன் என்று அவள் சொன்னதை அன்று யாரும் அப்படிக் கேட்கவில்லை. பிடிவாதக்காரி என்றார்கள்.

1988 கோடையில் அவள் மலை உச்சிக்குப் போய்விட்டாள். அங்கே கோடையில் கோஸ் விளையும் பெரிய சரிவுகள் உண்டு. அறுவடைக்குப் பெண்கள் கும்பலாகப் போவார்கள். ஒற்றைக் கைக்காரியைச் சேர்த்துக்கொள்ள முதலில் மேஸ்திரி மறுத்தாராம். "ரெண்டு நாள் பாருங்க, பிடிக்கலேன்னா துரத்திவிடுங்க" என்று சொல்லி நின்றிருக்கிறாள். கோஸைக் காலால் அணைத்து, இடது கையால் அடிவெட்டு. இரண்டு மாதம் மேலேயே தங்கிவிட்டாள். கழித்துப்போட்ட வெடித்த கோஸ்களை எடுத்துவைத்து, சாயங்காலங்களில் இலை இலையாக விரித்து மூடிப் பழகினாள் என்பது பிறகுதான் தெரிந்தது. இறங்கி வந்தபோது கழுத்து கறுத்து, ஆள் இளைத்து, வாய் மட்டும் பழையபடி இருந்தது.

என் முதல் நினைவு அந்த வருஷ நவம்பர்தான். எனக்கு நான்கு வயது. எங்கள் முற்றத்தில் பெரிய சிவப்பு ரப்பர் தொட்டி. அதைச் சுற்றி நான்கு பெண்கள். மிளகாய்ச் சாந்து வாசனையில் எனக்குத் தும்மல். கதவைத் தள்ளிக்கொண்டு உல்ஜின்காரி வந்தாள். ரப்பர் ஏப்ரன், கழுத்தில் துண்டு, இடது கையில் இளஞ்சிவப்பு ரப்பர் உறை. வலது முழங்கையில் சுத்தமான துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

ஜொங்சொன்காரிதான் வாயைத் திறந்தாள். "ஏன்டி, கூப்பிடாத வீட்டுக்கு எதுக்கு வந்தே?"

"கூப்பிட மாட்டீங்கன்னுதான் வந்தேன். கூப்பிட்டிருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன். தள்ளி உக்காரு."

"ஒத்தைக் கையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?"

"ரெண்டு கையை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணிக் கிழிச்சே? சாந்துல பாதி உன் பாவாடையிலதான் இருக்கு."

அம்மா எழுந்துவிட்டாள். "அக்கா, வேண்டாம். நீங்க உள்ள வந்து உக்காருங்க. நான் உங்க வீட்டுக்கு வர்றேன், எத்தனை நாள் வேணும்னாலும் வர்றேன்."

"அதான் வேண்டாங்கிறேன்."

"நான் செய்யணும் அக்கா."

உல்ஜின்காரி குரலைத் தாழ்த்தினாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "மிரான் அம்மா, கோஸைக் கொண்டு என் கையை அடைக்கப் பாக்காதே. அந்தக் கை உன் கடன் இல்ல. அது உருளை தின்ன கை. உன் கணக்குல அதை எழுதிக்கிட்டே இருந்தா, என் கணக்குல எழுத இடமே இருக்காது. ஒரு கோஸ் எடுத்துக் குடு."

அம்மா அசையவில்லை. ஜொங்சொன்காரி சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். "சரி சரி. ஒண்ணு செய்வோம். உன்னை அரை ஆளா வெச்சுக்கலாம். நீ எங்களுக்கு அரை நாள் வா, நாங்க உனக்கு அரை நாள் வர்றோம். உனக்கும் பாரமில்ல."

நல்ல மனதோடுதான் சொன்னாள். உல்ஜின்காரியின் முகம் சிவந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அரை ஆளா? நான் என்ன அரை வயித்துக்கா திங்கிறேன்? அரைக் கூரைக்குக் கீழயா தூங்குறேன்? போன வருஷம் இங்க நீ புகை பிடிக்க எத்தனை தடவை எந்திரிச்சுப் போனே? ஏழு. சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து எண்ணினேன். அதை உன் நாள்ல கழிச்சாங்களா?"

"அது..."

"நாள்னா நாள். விடிஞ்சு வந்து பொழுது சாயப் போறவ ஒரு ஆள். எத்தனை உருப்படின்னு எண்ணுறதுக்கு இது பெல்ட்டா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். ஜொங்சொன்காரியே சிரித்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். அம்மா அரைக் கோஸ் ஒன்றை எடுத்து நீட்டினாள். உல்ஜின்காரி அதைத் தொட்டியின் ஓரத்தில் வைத்து முழங்கையால் அணைத்துக்கொண்டு, இடது கையால் சாந்து எடுத்து, அடி இலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவி, வெளியிலையால் இறுக்கிச் சுற்றி வைத்தாள். மற்றவர்கள் மூன்று முடித்த நேரம் ஆயிற்று. யாரும் எண்ணவில்லை. எல்லோரும் கறி தின்ன எழுந்தபோது அவள் எழவில்லை, தொட்டி கழுவும்வரை இருந்தாள். நான்கு நாளும் நான்கு வீட்டுக்கும் போனாள். ஐந்தாம் நாள் அவள் முற்றத்தில் எழுபது கோஸ் இருந்தது. தன் ஊர் வழக்கப்படி நடுவே பச்சை மீன் துண்டு வைத்துப் போட்டாள். "கடல் நாத்தம்" என்று மூக்கைப் பொத்திய ஜொங்சொன்காரிதான் ஜனவரியில் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

அதையும் சேர்த்து இருபத்துநான்கு நவம்பர். ஒரு நாளும் அவள் கடன் வைத்ததில்லை.

மற்ற பதினோரு மாதங்களும் அவள் சும்மா இருக்கவில்லை. கோடைதோறும் மேலே போனாள், சில வருஷத்தில் அறுவடைக் கும்பலுக்கு அவளே தலைவியானாள். இடது கையால் எழுதப் பழகினாள். ஆள் பெயர் எழுதும் நோட்டில் அவள் எழுத்து காற்றடித்த பயிர்போலச் சாய்ந்திருக்கும். சீட்டு ஆடும்போது கிண்ணம் நிறைய அரிசி வைத்து அதில் சீட்டுகளைக் குத்தி நிறுத்துவாள். அவள் ஜெயித்தால் அரிசி ராசி, தோற்றால் அரிசியை மாற்ற வேண்டும் என்பாள். ஒரு முறை கும்பலோடு வெந்நீர் ஊற்றுக்குப் போனபோது ஒரு சின்னப் பிள்ளை அவள் கையையே பார்த்ததாம். "குளிக்கும்போது கழட்டி வெச்சிருக்கேன், எங்க வெச்சேன்னு தேடிக்குடு" என்றாளாம். பிள்ளை தேடியதாம்.

ரப்பர் உறை விஷயமும் உண்டு. உறை ஜோடியாகத்தான் விற்கும். அம்மாவுக்கு எப்போதும் வலது உறைதான் முதலில் கிழியும். உல்ஜின்காரிக்கு வலது உறை வேண்டவே வேண்டாம். அதனால் அவள் வலதைத் தந்தாள், அம்மா இடதைத் தந்தாள். அந்த மலையில் உறை மிச்சமாகாத வீடுகள் எங்கள் இரண்டும்தான்.

1993இல் சுரங்கம் மூடியது. ஒவ்வொரு வசந்தத்துக்கும் ஒரு கதவு அடைபட்டது. ஜொங்சொன்காரி மகனோடு ஆன்சானுக்குப் போனாள். போகிற வாரம், தான் வாங்கியிருந்த கடைசி நாளுக்கு ஈடாக அம்மாவுக்கு ஒரு நாள் முழுக்கப் பூண்டு உரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். கடைசியில் வரிசையில் இரண்டு கதவுகள்தான் திறந்திருந்தன. கிம்ச்சியும் நூறிலிருந்து முப்பது கோஸுக்கு இறங்கியது. முப்பது கோஸை ஒருத்தியே போட்டுவிடலாம். ஆனாலும் ஒரு நாள் அந்த வீடு, ஒரு நாள் இந்த வீடு என்று இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருத்திக்கு ஒருத்தி ஒரு நாள் தருவது, ஒரு நாள் பெறுவது. அந்தக் கணக்கு ஓடும்வரைதான் அது ஊர்.

நான் 2003இல் தலைநகர் சியோலுக்குப் படிக்கப் போனேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இரண்டாம் வருஷம் சுரங்க ஊர்களின் நம்பிக்கைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். செருப்பு திருப்புவது, நான்கு சாவு எண் என்பதால் சோறு நான்கு கரண்டி போடாதது, காலையில் வேலைக்குப் போகிறவன் குறுக்கே பெண்கள் நடக்காதது என்று வரிசையாக. பேராசிரியர் வகுப்பில் என் பெயரைச் சொன்னார். விடுமுறையில் அதை உல்ஜின்காரியிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா எல்லாரும் செத்துப்போன மாதிரி எழுதியிருக்கியேடி. நான் இன்னும் திருப்பிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"பொதுவா எழுதினது பெரியம்மா."

"பொதுவான்னா யாரு?"

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது என் புது ஷூ உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ முறை செய்ததுதான், அன்று மட்டும் குனிவதற்கு வெட்கமாக இருந்தது. அவளுக்குப் பயமா, பழக்கமா, புருஷனுக்குச் செய்து மிச்சமிருந்ததை மற்றவர்களுக்குச் செய்தாளா என்று கட்டுரையில் எழுதவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை. இப்போது சியோலில் என் ஒற்றை அறைக்குள் நுழைந்ததும் என் காலே ஷூவை உள்ளே பார்த்துத் தள்ளுகிறது. யார் திரும்பி வருவதற்காக என்று எனக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

2012 நவம்பரில் ஊருக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அலுவலகத்தில் வேலை வந்தது, போகவில்லை. புதன்கிழமை உல்ஜின்காரி வீட்டில் கிம்ச்சி போட்டார்கள். போனில் பின்னால் அவள் குரல் கேட்டது.

"யாரு, மிரானா? படிச்சவ வராம தப்பிச்சுட்டான்னு சொல்லு."

"அடுத்த வருஷம் ரெண்டு நாளா வர்றேன்னு சொல்லும்மா" என்றேன்.

"வட்டியெல்லாம் வேண்டாமாம்" என்று அம்மா சிரித்தாள். "வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுல. பெரியம்மா விடியறதுக்குள்ள வந்துடுவாங்களாம்."

வியாழன் சாயங்காலம் அம்மா முப்பது கோஸைப் பிளந்து உப்புத் தண்ணீரில் போட்டாள். வெள்ளி விடிந்தது. உல்ஜின்காரி வரவில்லை. முப்பது வருஷத்தில் நேரம் தவறாதவள். சுவரில் காதை வைத்தால் ரேடியோ இல்லை. அம்மா போய்க் கதவைத் தட்டித் திறந்தாள். உல்ஜின்காரி தூக்கத்திலேயே போயிருந்தாள். முகம் தூங்குகிற முகமாகவே இருந்ததாம்.

ரப்பர் ஏப்ரனை மடித்து வாசற்படியில் வைத்திருந்தாள். மேலே இடது கை உறை ஒன்று. பக்கத்தில் அவளுடைய ரப்பர் பூட்ஸ், மூக்கு வெளியே பார்த்தபடி. எங்கள் வீட்டைப் பார்த்தபடி.

அன்று மதியம் பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தேன். உல்ஜினிலிருந்து அவளுடைய தம்பி வந்திருந்தார். மலை மேலிருந்து அறுவடைப் பெண்கள் இருபது பேர் வந்தார்கள், ஒரே சத்தம், ஒரே அழுகை, எங்கள் துக்க வீட்டு வழக்கப்படி ராத்திரி முழுக்க ஒரே சீட்டாட்டம். அவள் விரும்பியிருக்கக்கூடிய துக்க வீடு அது. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது தொட்டியில் கோஸ் உப்பில் ஊறித் துணிபோல ஆகியிருந்தது. அம்மா அதைக் கழுவிக்கொண்டே இருந்தாள். எத்தனை கழுவியும் உப்பு போகவில்லை.

"நான் செய்றேம்மா" என்று பெரியம்மாவின் இடது உறையை எடுத்து மாட்டப் போனேன். "அவங்க தரவேண்டிய நாளை நான் தர்றேன்."

அம்மா உறையைப் பிடுங்கிக்கொண்டாள். அவ்வளவு கோபத்தை நான் பார்த்ததில்லை.

"நீ யாருடி அவ நாளைக் கொடுக்க? நீ அவ பொண்ணா? மகளா வேலை செய்றேன்னு சொல்லு, செய். அவ கடனைக் கழிச்சுடலாம்னு கை வைக்காதே."

பக்கத்து முற்றத்திலிருந்து தம்பி கூப்பிட்டார். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். புதன்கிழமை போட்ட கிம்ச்சி ஜாடி புதைத்தபடியே இருந்தது.

"மிரான் அம்மா, இதை நீங்களே எடுத்துக்கோங்க. நீங்க போட்டதுதானே. அக்கா உங்களுக்கு ஒரு நாள் பாக்கி வெச்சிட்டுப் போயிட்டா போல. அதுக்கு இது சரியாப் போகும்."

அம்மா தாழ்வாரத்தில் நின்று நிதானமாகச் சொன்னாள். "அதெல்லாம் சரியாப் போக வேண்டாம் தம்பி. ஜாடியை ஊருக்கு எடுத்துட்டுப் போங்க. உங்கக்கா மீன் வெச்சுப் போட்டது, உங்க வீட்டுக்குத்தான் பிடிக்கும்."

"அப்ப அந்த நாள்?"

"இருக்கட்டும்."

தம்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஜாடியைத் தோண்டி எடுத்து வண்டியில் ஏற்றினார். குழியை மூடாமல் போய்விட்டார். மண் உறையும்வரை அது அப்படியே திறந்து கிடந்தது.

அந்த இருபத்துநான்கு வருஷமும் அம்மா கொடுத்த நாட்களில் கையின் கடன் கொஞ்சம் கலந்தே இருந்தது என்று நினைக்கிறேன். உல்ஜின்காரிக்கும் அது தெரியும். அதனால்தான் ஒவ்வொரு நாளையும் முழுசாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். இப்போது முதல் முறையாக அவள்தான் அம்மாவுக்குத் தரவேண்டியிருக்கிறது. அதை அடைக்க அம்மா யாரையும் விடப்போவதில்லை. நான் நினைப்பது சரிதானா? அம்மாவிடம் கேட்டால் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

போன நவம்பரிலும் போனேன். பத்துக் கோஸ். நானும் அம்மாவும் மகளும் தாயுமாகப் போட்டோம். அலமாரியில் கிழியாத இடது உறைகள் சேர்ந்துபோயிருந்தன. வேலை முடிந்து தொட்டியைக் கவிழ்த்துவிட்டு அம்மா அடைத்துக் கிடக்கும் பக்கத்துக் கதவைப் பார்த்தாள்.

"ஒரு நாள் வரவேண்டியிருக்கு அவகிட்ட" என்றாள். "முழு நாள்."